பொட்டலத்துக்கு வெளியே இருந்த மண்

செவ்வாய்

காலை ஆறேகாலுக்கு இசக்கித்துரை அண்ணன் கிதாரோடு வந்தார். வருகிற திங்கட்கிழமை அவருக்கு மதுரையில் நேர்முகத் தேர்வு. மலையில் உள்ள ஒரு விடுதிப் பள்ளியில் இசை ஆசிரியர் வேலை. ஒரே ஓர் இடம்தான். ‘சொந்தக் கருவியுடன் வரவும்’ என்று கடிதத்தில் இருக்கிறது.

மாலை வகுப்பில் தினம் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். குரூப் டூ முதன்மைத் தேர்வுக்குக் கை வேகம் வேண்டுமாம். எதை எழுதினாலும், நம்மைத் தெரியாத ஒருவர் படித்தால் புரிய வேண்டும் என்பது வகுப்பின் விதி. அதனால் எனக்குத் தெரிந்ததையும் எழுதிவிடுகிறேன்.

பகலில் நான் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். மாலை ஆறு முதல் ஏழரை வரை வகுப்பு. காலை ஐந்தரை முதல் ஒன்பது வரை, எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட அறையில் கிதார் வேலை. கல்லூரியில் படிக்கும்போது எங்கள் கிறிஸ்தவ சபைக் கிதாரின் கழுத்து உடைந்தது. மதுரைக்குக் கொண்டுபோக ஆள் இல்லை. நான் ஒட்டினேன், நின்றது. அதிலிருந்து வீடியோ பார்த்து, அளவெடுத்து, கெடுத்து, மறுபடி செய்து, இதுவரை நான்கு கிதார்கள் செய்திருக்கிறேன். இருபதுக்கு மேல் பழுது பார்த்திருக்கிறேன். செய்த நான்கில் இரண்டைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

இசக்கித்துரை அண்ணனுடையது நான் செய்த இரண்டாவது. இடக்கைக் கிதார். அவர் பிறவியில் இடக்கைக்காரர் இல்லை. இங்கே விசைத்தறியில் வேலை பார்த்தபோது இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் போய்விட்டன. அதுவரை எல்லோரையும் போல இடது கையால் கம்பியை அழுத்தி, வலது கையால் மீட்டியவர். பிறகு ஒரு வருடம் கிதாரைத் தொடவே இல்லை. அதன்பின் கிதாரைத் திருப்பிப் பிடித்து, வலது கை விரல்களால் அழுத்தப் பழகினார். இடது கையின் கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே பிக் என்கிற மீட்டும் வில்லையைப் பிடித்து மீட்டுகிறார். இப்படிப் பழக அவருக்கு நான்கு வருடம் ஆனது.

இடக்கைக் கிதார் என்றால் கம்பிகளை மாற்றிக் கட்டுவது மட்டும் இல்லை. தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் எலும்புத் துண்டின் வெட்டுகள், கீழே கம்பிகளைப் பிடிக்கும் பிரிட்ஜின் சாய்வு, மேல் பலகைக்கு உள்ளே ஒட்டியிருக்கும் தாங்கு சட்டங்கள் எல்லாமே கண்ணாடியில் பார்ப்பதுபோல மாற வேண்டும். செய்து முடிக்க எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. அந்தக் கிதாரில் தை மாதம் ஒரு பாட்டை வாசித்து, செல்போனில் பதிவு செய்து, விண்ணப்பத்தோடு அனுப்பினார். அதைக் கேட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

“என் கைய அவங்க பாக்கல. காதாலதான் கூப்பிட்டிருக்காவ,” என்றார். “பதினோரு எடத்துக்கு எழுதிப்போட்டேன். பதில் வந்தது இது ஒண்ணுதான் ப்ரியா.”

கிதாரை மேசையில் வைத்துப் பார்த்தேன். பிரிட்ஜின் பின்விளிம்பு தூக்கியிருந்தது. ஒரு விசிட்டிங் கார்டு அதன் அடியில் முழுக்க நுழைந்தது. அதற்குப் பின்னால் பலகை நான்கு மில்லிமீட்டர் உப்பியிருந்தது.

“எங்க வச்சிருந்திய?”

“அஞ்சு மாசம் நான் திருப்பூர்ல பனியன் கம்பெனியில பீஸ் எண்ணிக்கிட்டுக் கெடந்தேன்லா. இது ஊர்ல வீட்டு மூலையில சாத்தி வச்சபடி கெடந்திருக்கு.” அவர் ஊர் குருவிகுளத்துக்கு அந்தப் பக்கம். அங்கே அவர் அம்மா பார்வதியம்மாள் மட்டும் இருக்கிறார்.

சின்னக் கண்ணாடியையும் விளக்கையும் உள்ளே விட்டுப் பார்த்தேன். தாங்கு சட்டங்களின் ஓரமாகச் செம்மண் கோடு போட்டதுபோல ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு தாள் பொட்டலம்.

“அண்ணே, உள்ள மண்ணு கெடக்கு.”

சிரித்துவிட்டார். “எங்கம்மா வேல. புத்துமண்ணு. நான் திருப்பூர் போன பொறவு இங்க கோயிலுக்கு வந்திருக்கா. பூச்சிபொட்டு அண்டாம இருக்கணும்னு இதுக்குள்ளயும் போட்டுட்டா. ஏற்கெனவே என் கையில பூசிப் பாத்தவதான. வெரலு மொளைக்கல, சரி, கிதாராவது பொழைக்கட்டும்னு நெனச்சிருப்பா.”

இந்த ஊரில் கோயில் புற்றுமண் இல்லாத வீடு குறைவு. பக்கத்து வீட்டு மாடத்தி அக்கா கொடுத்தது எங்கள் வீட்டில்கூட ஒரு டப்பாவில் இருக்கிறது. நாங்கள் சபைக்குப் போகிறவர்கள். ஆனாலும் அம்மா அதை வெளியே எறிய மாட்டாள். அடுத்தவர்களின் சாமி மண்ணைத் தூசி தட்டுவதுபோலத் தட்டக் கூடாது என்று, மெல்லிய பிரஷால் ஒதுக்கி, வெள்ளைத் தாளில் சேர்த்து மடித்து, பொட்டலத்தோடு அண்ணனிடமே கொடுத்தேன். எதையும் எண்ணி எழுதும் பழக்கத்தில் இதையும் எழுதுகிறேன்: பொட்டலம் ஒன்று, மடிப்பு பிரியாதது. வெளியே இருந்த மண் ஏறக்குறைய ஒன்றரைத் தேக்கரண்டி.

கோடை வெயிலில் பசை இளகி பிரிட்ஜ் விட்டிருக்கிறது என்று முடிவு செய்தேன். புதன் பிரிட்ஜைக் கழற்றுவது. வியாழன் ஒட்டுவது. வெள்ளி முழுக்கக் காய விடுவது. சனி காலை கம்பி கட்டுவது. ஞாயிறு அவர் வாசித்துப் பழகலாம்.

“ஆவுமா?” என்றார்.

“ஆவும்ணே.”

சொன்ன பிறகு, சரியாகத்தான் பார்த்தேனா என்று தோன்றியது. எல்லா வேலையிலும் எனக்கு அப்படித் தோன்றும். அதனால் இந்த முறை தோன்றியதைத் தனியாக எடுத்துக்கொள்ளவில்லை.

புதன்

பிரிட்ஜைச் சூடு காட்டி, மெல்லிய தகட்டை அடியில் விட்டுக் கழற்றினேன். முக்கால் மணி நேரம் ஆகும் என்று நினைத்தேன். பதினெட்டு நிமிடத்தில் வந்துவிட்டது.

தகட்டை அழுத்தும்போது மேல் பலகை கூடவே கீழே போய் வந்தது. மெத்தென்று இருந்தது. சூட்டில் மரம் இளகும்தான். இருந்தாலும் இவ்வளவு இளகுமா? விரல் கணுவால் தட்டிப் பார்த்தேன். சத்தம் அடங்கிக் கேட்டது. பிரிட்ஜ் இல்லாத பலகை அப்படித்தான் கேட்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆறிய பிறகு இன்னொரு முறை தட்டிப் பார்த்திருக்கலாம். மணி ஒன்பது ஆகிவிட்டது. குளித்துவிட்டு வேலைக்கு ஓடினேன்.

வியாழன்

பழைய பசையைச் சுரண்டி எடுத்து, பிரிட்ஜை ஒட்டி, மூன்று கிளாம்ப் போட்டு இறுக்கினேன். அப்போது மணி 7.10.

அண்ணன் வந்திருந்தார். பிரவின்ராஜும் கம்பி வாங்க வந்தான். பிரவின்ராஜ் என் சித்தப்பா மகன். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சபையில் கிதார் வாசிப்பவன் அவன்தான்.

“அண்ணே, வாத்தியார் ஆயிட்டா பிரம்பு எடுப்பியளா?” என்றான்.

“ஒன்ன மாதிரிப் பய வந்து ஒக்காந்தா எடுக்காம?”

“நான் என்ன செஞ்சேன்?”

“மூணு சுருதிய வச்சிக்கிட்டு முந்நூறு பாட்டு வாசிக்கல்லா, அதுக்குத்தான்.”

“சபையில யாரும் எண்ணலண்ணே. கர்த்தர்கூட ஒண்ணும் சொல்லல.”

“அவர் பொறும நமக்கு வருமாலே?”

அம்மா காப்பி கொண்டுவந்தாள். வேலை கிடைத்தால் எங்கே தங்குவார் என்று விசாரித்தாள். பள்ளிக்கு உள்ளேயே ஒரு வீடு தருவார்கள் என்றும், தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றும் அண்ணன் சொன்னார். “அம்மாட்ட இப்பவே சொல்லிட்டேன். ஸ்வெட்டர் போட்டா நகை தெரியாதேன்னு கேக்கா. இருக்கது ஒரு சோடி கம்மல்.”

பிறகு காலி மேசையில் வலது கை விரல்களை வைத்து வாசிக்கப்போகும் பாட்டை அழுத்திக் காட்டினார். சத்தம் இல்லை. ஆனால் விரல்கள் எங்கே ஏறுகின்றன என்று தெரிந்தது. நடுவில் கிதாரின் உடம்பு வரைக்கும் ஏறி வந்து, அங்கேயே கொஞ்ச நேரம் நிற்கிற பாட்டு. தை மாதம் பதிவு செய்து அனுப்பியதும் இதைத்தான்.

“மேல போயி நிக்கிறப்பதான் அது பாட்டாவுது. கீழ வாசிக்கதெல்லாம் அங்க போறதுக்கு வழி,” என்றார்.

வெள்ளி

கிளாம்ப்பைக் கழற்றினேன். ஒட்டு சுத்தமாக இருந்தது. ஓரத்தில் பேப்பர்கூட நுழையவில்லை. வேறு எதுவும் எழுத இல்லை.

சனி

காலை 6.30. அண்ணன் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு கம்பியாகக் கட்டி, முதலில் பாதி இழுப்பில் நிறுத்தினேன். பிறகு தடித்த கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக முழுச் சுருதிக்கு ஏற்றினேன். நான்கு கம்பிகள் ஏறின. ஐந்தாவதைத் திருகும்போது உள்ளே அப்பளம் நொறுங்குவதுபோல ஒரு சத்தம். நான் கையை எடுக்கும் முன்னே இரண்டாவது முறையும் கேட்டது. பிரிட்ஜுக்கு முன்னால் மேல் பலகை குழிந்து இறங்கியது. பலகையின் நடுவில் இருக்கும் வட்ட ஓட்டையின் விளிம்பிலிருந்து ஒரு விரிசல் நேராக ஓடி நின்றது.

எல்லாக் கம்பிகளையும் தளர்த்தினேன்.

கண்ணாடியை உள்ளே விட்டேன். நடுச் சட்டம் இரண்டாகப் பிளந்திருந்தது. பிளந்த இடத்தில் மரமே இல்லை. மேல்தோல் மட்டும் தாள்போல நின்றது. உள்ளே சிவந்த மண். அதில் வெள்ளை வெள்ளையாக எதுவோ நெளிந்தது.

“என்னது?” என்றார் அண்ணன்.

“கரையான்ணே.”

அவர் எழுந்து வந்து கண்ணாடியில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

“எம்மா, கிதாருக்குள்ள புத்துமண்ணு போட்டியே, எவ்வளவு போட்ட?”

“ஏன், வாசிக்க முடியலயா?”

“கேட்டதச் சொல்லும்மா.”

“ஒரு சிட்டிக. தாள்ல மடிச்சுல்லா வச்சேன். சாமி மண்ண யாராவது கொட்டுவாளா? கால்ல கீல பட்டா?”

“கொட்டலல்லா?”

“கொட்டலய்யா. மடிச்சது மடிச்சபடி வச்சேன். ஏன், என்னாச்சு?”

“ஒண்ணும் ஆவல. சாப்புடு,” என்று வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைத் திருப்பினேன். ‘பொட்டலம் ஒன்று, மடிப்பு பிரியாதது’ என்று என் கையெழுத்தில்தான் இருக்கிறது. அதற்கு அடுத்தபடியாக, வெளியே இருந்த மண்ணின் அளவும் இருக்கிறது. பொட்டலம் பிரியவில்லை என்றால் வெளியே இருந்த மண் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. வேறு ஊரில் ஒருத்தி சட்டத்தில் ஒட்டிய மண்ணைப் பார்த்தால் முதலில் கரையான் என்றுதான் நினைப்பாள். நான் அதைப் பக்தியோடு மடித்துக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். அந்தச் சட்டங்களுக்கு நான் போட்டது ஏதோ ஓர் இயந்திரம் வந்திறங்கிய மரப்பெட்டியின் பைன் பலகை. ரேகை நேராக, எடை குறைவாக இருந்தது. அதனால்தான் ஓசை நன்றாக வந்தது என்று பெருமைப்பட்டிருக்கிறேன். கரையானுக்கும் அதுதான் பிடித்திருக்கிறது. மேல் பலகையையும் பக்கங்களையும் அது தொடவே இல்லை. நான் தேர்ந்தெடுத்த மரத்தை மட்டும் தின்றிருக்கிறது.

கிதாரை வெளியே கொண்டுபோய் சிமெண்டுத் தரையில் வைத்தேன். பட்டறையில் மற்ற பலகைகள் இருக்கின்றன.

“முதுகுப் பலகையக் கழத்தி, புதுச் சட்டம் போடணும். ஒட்டுக் காயணும். திரும்ப மூடணும். பத்து நாளாவது வேணும்ணே.”

“நமக்கு ரெண்டு நாளு இருக்கு.”

“ஆமா.”

அவர் பள்ளிக்குப் போன் செய்தார். திங்கட்கிழமை ஒரு நாள்தான், குழுவில் உள்ளவர்கள் வெளியூரிலிருந்து வருகிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். நான் மதுரையில் மூன்று கடைகளுக்கும் திருநெல்வேலியில் இரண்டு கடைகளுக்கும் போன் செய்தேன். “லெஃப்ட் ஹேண்டா? ஆர்டர் போட்டா பத்துப் பதினஞ்சு நாளாவும்” என்றார்கள். ஒரு கடைக்காரர் மட்டும், “ரைட் ஹேண்டே வாசிக்கச் சொல்லுங்களேன், பழகிரும்,” என்றார்.

மீதியிருந்தது ஒரு வழிதான். புதிது வாங்கப் பணம் இல்லாததால், ஒரு சாதாரணக் கிதாரை இரவல் வாங்கி, கம்பிகளைத் தலைகீழாக மாற்றிக் கட்டுவது. பிரவின்ராஜைக் கூப்பிட்டேன். எங்களுக்குத் தெரிந்து இந்த ஊரில் ஓரளவு நல்ல கிதார் சபையில் இருப்பதுதான். அவன் சபைச் செயலரிடம் கேட்டுவிட்டு வந்து சொன்னான்.

“நாளைக்கு ஆராதன முடிஞ்சதும் எடுத்துக்கலாம்க்கா. புதன் சாயங்கால ஜெபத்துக்குத் திரும்ப வேணும். ஆனா எதையும் அறுக்கக் கூடாது, செதுக்கக் கூடாது, ஓட்ட போடக் கூடாதுன்னுட்டாவ. காணிக்கையா வந்ததாம்.”

“பிரிட்ஜுல மட்டும் ஒரு வெட்டு...”

“அக்கா, அதத்தான் முதல்ல கேட்டேன்.”

ஞாயிறு

ஆராதனை முடிந்து கிதார் கைக்கு வந்தபோது மணி பத்து ஐம்பது.

தலைப்பக்க எலும்புத் துண்டை அலுங்காமல் தட்டி எடுத்து, பேர் எழுதிய கவரில் போட்டு வைத்தேன். புதிய எலும்பில் தலைகீழ் வரிசையில் வெட்டுகள் போட்டேன். இரண்டு மணி நேரம். கம்பிகளை மாற்றிக் கட்டினேன். கீழே பிரிட்ஜில் கம்பிகள் ஏறி நிற்கும் எலும்பு, வலக்கைக்காரர்களுக்குத் தகுந்தபடி சாய்ந்தே பதிந்திருக்கும். தடித்த கம்பிக்கு நீளம் கொஞ்சம் அதிகம் வேண்டும், மெல்லியதற்குக் குறைவு. மாற்றிக் கட்டியதும் தடித்தது குறுகிவிட்டது, மெல்லியது நீண்டுவிட்டது. கம்பியை அழுத்தாமல் மீட்டினால் எதுவும் தெரியாது. கழுத்தில் குறுக்கே பதித்த ஃபிரெட் கட்டைகளில் முதல் மூன்று நான்கு வரைக்கும்கூடத் தெரியாது. மேலே ஏற ஏறத் தடித்த கம்பி சுருதிக்கு மேலே போகும், மெல்லியது கீழே இறங்கும். இரண்டையும் சேர்த்து மீட்டினால் பால் திரிந்ததுபோல இருக்கும்.

இதைச் சரிசெய்ய பிரிட்ஜில் புதிய வெட்டு போட வேண்டும். அதைத்தான் செய்யக் கூடாது. அதில் இருந்த எலும்பையும் எடுத்துக் கவரில் போட்டுவிட்டு, பழைய வெட்டுக்குள்ளேயே நிற்கும்படி வேறொரு எலும்புத் துண்டைச் செய்து, அதன் தலையை எதிர்ப்பக்கம் சரித்துத் தேய்த்தேன். பாதி சரியானது. மீதிப் பாதி இருந்தது. துண்டின் அகலமே மூன்று மில்லிமீட்டர். அதற்கு மேல் எங்கே போவது?

நான்கரை மணிக்கு அண்ணன் வாங்கி வாசித்தார். கீழே நன்றாக இருந்தது. மேலே ஏறினார். நின்றார். மறுபடி ஏறினார்.

“ரொம்பவா தெரியுது?” என்று கேட்டேன்.

“கேக்காத காதுக்குத் தெரியாது.”

“அவங்க?”

“மியூசிக் வாத்தியார எடுக்க வாரவங்க ப்ரியா.”

வேறு பாட்டு வாசிக்கலாம் என்று முடிவு செய்தோம். முழுக்க முதல் நான்கு ஃபிரெட்டுக்குள் இருக்கும் பாட்டு. சொந்தமாக எது வேண்டுமானாலும் ஒன்று வாசிக்கலாம் என்றுதான் கடிதத்தில் இருந்தது. அண்ணன் மூன்று மணி நேரத்தில் ஒரு பழைய மெட்டைக் கீழேயே சுற்றி வரும்படி அமைத்துக்கொண்டார். நன்றாகத்தான் இருந்தது. என்னோடு அம்மாவும் கதவுப் பக்கம் நின்று கேட்டாள். முடிந்ததும், “இதுக்கே வேலைய குடுக்கலாம்,” என்றாள்.

நான் பையில் மாற்றுக் கம்பிகள், சுருதி பார்க்கும் கருவி, துடைக்கும் துணி எல்லாம் வைத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பட்டியலில் டிக் போட்டேன். அவற்றில் எதுவும் அவருக்கு வேண்டிய ஒன்றைச் செய்யப்போவதில்லை என்று தெரிந்தும் போட்டேன்.

திங்கள்

அதிகாலை பஸ்ஸில் அண்ணன் போய்விட்டார். பத்தரைக்கு அவர் முறை என்று குறுஞ்செய்தி வந்தது.

பத்தரைக்கு என் முன்னால் சங்கரபாண்டியன் என்கிற பெரியவர் வருமானச் சான்றுக்கு உட்கார்ந்திருந்தார். கைரேகை வைக்கும் கருவியில் அவர் விரல் பதியவே இல்லை. ஐந்து முறை வைத்தார்.

“வெரல நல்லா தொடச்சிட்டு வைங்க அண்ணாச்சி.”

“எத்தன தடவ தொடைக்க? வெரலு என் வெரலுதாம்மா. அந்தச் சவத்துக்குத்தான் நம்பிக்கை வரல.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நாற்பது. இப்போது அவர் வாசித்துக்கொண்டிருப்பார். மதுரையில் ஓர் அறையில் நான் தேய்த்த எலும்பின் மேல் கம்பிகள் நிற்கின்றன. அதை இங்கிருந்து ஒரு மயிரிழைகூட நகர்த்த முடியாது. நாலாவது ஃபிரெட்டைத் தாண்டாமல் இருந்தால் போதும் என்று ஜெபித்தேன். இந்த மாதிரி ஜெபத்தை யாராவது இதற்கு முன் செய்திருப்பார்களா என்று தெரியவில்லை.

மதியம் செய்தி இல்லை. மாலையும் இல்லை. வகுப்பில் ஊராட்சி அமைப்பு நடந்தது. என் குறிப்பேட்டில் நான்கு வரிகளுக்கு மேல் இல்லை.

செவ்வாய்

காலை ஆறு மணிக்கு அண்ணன் சபைக் கிதாரோடு வந்தார். அம்மா காப்பி போட எழுந்தாள். வேண்டாம் என்றார். பிறகு வாங்கிக்கொண்டார்.

“நாலு பேரு இருந்தாவ. ஒரு அம்மா, மூணு ஆம்பளைய. முதல்ல நம்ம புதுப் பாட்ட வாசிச்சேன். தலைய ஆட்டிக் கேட்டாவ. அந்த அம்மா கண்ண மூடிட்டு இருந்தாவ. எனக்கே, சரி, வேல கெடச்சிரும்னு தோணிட்டு.”

“பொறவு?”

“நீங்க அனுப்பி வச்சீங்களே ஒரு பாட்டு, எங்க எல்லாருக்கும் அது ரொம்பப் பிடிச்சுது, அதையும் வாசிங்கன்னாவ.”

அந்தப் பாட்டை அவர்கள் கேட்பார்கள் என்று எங்கள் இருவருக்குமே ஏன் தோன்றவில்லை? அவரைக் கூப்பிட வைத்ததே அதுதானே. நான் சுருதி பார்க்கும் கருவியை எல்லாம் பட்டியல் போட்டேன். இதைப் போடவில்லை.

“மாட்டேன்னு சொல்ல முடியுமா? வாசிச்சேன். மேல ஏறுற வரைக்கும் சரி. ஏறி நிக்கிற எடத்துல...” கையை விரித்துக் காட்டினார். “கம்பிய இழுத்து வளைச்சு வாசிச்சுப் பாத்தேன். ஒண்ண வளைச்சா இன்னொண்ணு நிக்கல. அப்பதான் அவங்க என் கையப் பாத்தாவ. அதுவரைக்கும் பாட்டதான் கேட்டுக்கிட்டு இருந்தாவ. ஒருத்தர் ரொம்பத் தன்மையாக் கேட்டாரு. அந்தப் பதிவு எப்ப எடுத்தது, கையில அடிபடுறதுக்கு முன்னாலயான்னு.”

“ஐயோ அண்ணே.”

“தை மாசம்னு சொன்னேன். கை போயி அஞ்சு வருசம் ஆச்சுன்னேன். சரி, சரின்னாரு. நம்பின மாதிரி தெரியல. பொய் சொல்லுதான்னு நெனச்ச மாதிரியும் தெரியல. பாவம்னு நெனச்ச மாதிரி இருந்துது.”

“கிதாரு மாத்திக் கட்டுனதுன்னு சொல்லிருக்கலாம்லா?”

“சொன்னேன். என் கிதாரக் கரையான் தின்னுட்டு, இது இரவல் கிதாரு, சாய்வு மாறிக் கெடக்குன்னு எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது சாக்குச் சொல்லுத மாதிரி கேட்டுது. பரவால்ல, பரவால்லன்னு நாலு பேரும் சொன்னாவ. டீ குடுத்தாவ. தகவல் அனுப்புதோம்னாவ.”

“தகவல் வரலாம்.”

“அந்த அம்மா வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புனாவ. வேல குடுக்க நெனக்கவங்க அப்பிடி வந்து அனுப்ப மாட்டாவ.”

நான் அந்தப் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன் என்றேன். கிதார் செய்தது நான், கெட்டதும் என் மரத்தால், மாற்றிக் கட்டியதும் நான், பிரிட்ஜின் சாய்வு இப்படி, சுருதி இவ்வளவு விலகும் என்று அளவுகளோடு எழுதினால் புரிந்துகொள்வார்கள் என்றேன்.

“வேண்டாம் ப்ரியா. நான் சொன்னதுக்குச் சாட்சி கூட்டிட்டு வந்த மாதிரி ஆயிரும்.”

“மண்ண நான் செவ்வாக்கெழமையே பாத்திருக்கணும்ணே. அன்னைக்கே தெரிஞ்சிருந்தா ஆறு நாள் இருந்துது. வேற கிதாருல வெட்டுப்போட விடுத ஆளப் பிடிச்சிருக்கலாம், எங்கயாவது கேட்டு வாங்கியிருக்கலாம்.”

“புத்துமண்ணுன்னு சொன்னது நான்தான.”

“நீங்க சொன்னிய. பாக்க வேண்டியது நானு.”

அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இரண்டில் எதைச் சொல்லியிருந்தாலும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போய், சிமெண்டுத் தரையில் கிடந்த தன் கிதாரைக் குனிந்து பார்த்தார். தொடவில்லை.

“சட்டம் எல்லாத்தயும் மாத்திருதேன்ணே. இந்த வாட்டி நல்ல மரமாப் பாத்துப் போடுதேன். ஒரு மாசத்துல முடிஞ்சிரும்.”

“மெதுவாச் செய்யி. அவசரம் ஒண்ணும் இல்ல. வியாழக்கெழம நான் திருப்பூர் போறேன். பழைய கம்பெனியிலயே வரச் சொல்லிட்டான்.”

“அம்மாட்ட சொல்லிட்டியளா?”

“தகவல் வரும்னு சொல்லிருக்கேன். அவ ஸ்வெட்டர் வெலை விசாரிச்சிட்டு இருக்கா.”

அவர் போன பிறகு, நாளை மாலை ஜெபத்துக்காகச் சபைக் கிதாரை எடுத்து வைத்தேன். நான் செய்த இரண்டு எலும்புத் துண்டுகளையும் கழற்றினேன். கவரில் இருந்த பழைய துண்டுகளை அவற்றின் இடத்தில் வைத்தேன். கம்பிகளை முன்பு இருந்த வரிசையில் கட்டி, சுருதி சேர்த்தேன். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் ஒவ்வொரு கம்பியாக அழுத்திச் சரிபார்த்தேன். ஆறும் சரியாக நின்றன. எட்டரைக்கு பிரவின்ராஜ் வந்து வாங்கி, நின்றபடியே மேலே வரைக்கும் ஏறி வாசித்துப் பார்த்தான்.

“முன்னவிட நல்லா இருக்குக்கா,” என்றான்.